உள்ளங்கைக்குத் தெரியும் பள்ளம்

பெங்களூர் வில்சன் கார்டனில், லால்பாக் பக்கமாகப் போகும் குறுக்குத் தெரு ஒன்றில் இருக்கிறது அந்தத் தகரக் கொட்டகை. டிங்கரிங்கும் பெயிண்டிங்கும் ஒரே கூரைக்குக் கீழே. மேஸ்திரிக்கு அறுபதை ஒட்டிய வயது. பூர்வீகம் தருமபுரிப் பக்கம். பையன்களிடம் கன்னடத்தில் தொடங்கி உருதுவில் திட்டி முடிப்பார். என் பழைய மாருதி 800-க்கு வீட்டு வாசலிலேயே நானே பெயிண்ட் அடிக்கப் போகிறேன், வேலையைக் கூட இருந்து பார்க்கவிடுங்கள் என்று கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. "கன் பிடிக்கிறது ஒண்ணும் பெரிசில்ல சார். தேய்க்கிறதுக்குத்தான் ஆள் வேணும்" என்றார்.

உண்மைதான். காலை முழுக்க ஸ்ப்ரே கன் ஆணியிலேயே தொங்கியது. டிங்கர் தட்டி நிமிர்த்திய ஒரு கதவுக்குப் பட்டி வைத்துக்கொண்டிருந்தார்கள். பட்டியில் சிவப்பு ஹார்டனரைத் துளிதான் சேர்க்க வேண்டும். கூடிப்போனால் பின்னால் மேல் பெயிண்டிலும் கறை ஊறி வரும். பட்டி இறுகியதும் 80-ஆம் நம்பர் பேப்பரை மரக்கட்டையில் சுற்றிக் குறுக்கும் மறுக்குமாகத் தேய்த்தான் பையன். வெறும் விரலால் தேய்த்தால் விரல் அழுந்திய இடமெல்லாம் வாய்க்காலாகிவிடுமாம். அப்புறம் கறுப்புப் பெயிண்டைப் புகைபோல மேலே தூவிவிட்டு மறுபடி தேய்ப்பு. மேட்டில் கறுப்பு போய்விடுகிறது, பள்ளத்தில் நிற்கிறது.

கறுப்பு முழுக்கப் போன பிறகும் மேஸ்திரி விடவில்லை. பழைய பனியன் துணியைக் கதவின் மேல் விரித்து, அதன்மேல் உள்ளங்கையை நீளவாக்கில் ஓட்டினார். முகம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் கை நின்றது. சாக்பீஸால் வட்டம் போட்டார். நானும் தடவிப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. "கண்ணுக்கு இப்ப தெரியாது சார். பளபளப்பு ஏறினதும் தெருவே பார்க்கும்." தொழிற்சாலையிலிருந்து வரும் காரிலேயே எல்லாப் பெயிண்ட் அடுக்கும் சேர்ந்து சுமார் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அது எந்தப் பள்ளத்தையும் நிரப்பாது. காட்டிக்கொடுக்க மட்டும் செய்யும்.

நகருக்குத் தென்மேற்கே பிடதியில் டொயோட்டா ஆலை இருக்கிறது. அதுபோன்ற ஆலைகளில் வெறும் கூட்டை அப்படியே பிரைமர் தொட்டியில் முக்கி, மின்சாரத்தால் படியவைத்து, 150 டிகிரிக்கு மேல் சுட்டெடுக்கிறார்கள். ஓடிய காரில் கண்ணாடியும் ரப்பரும் ஒயரும் இருக்கின்றன. அந்தச் சூட்டில் வைக்க முடியாது. சூடு செய்யும் வேலையை இங்கே ஹார்டனர் செய்கிறது. கிளியர் கோட்டில் சேரும் அந்த ஹார்டனரில்தான் ஐசோசயனேட் இருக்கிறது. ஆஸ்துமாவை வரவழைப்பதில் பேர்பெற்ற ரசாயனம் அது. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு சிறிதளவே போதும், மூச்சு இறுக்கும். மதியம் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு, மேஸ்திரி கர்ச்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டு கன்னை எடுத்தார். துணி தூசியைத் தடுக்கலாம், ஆவியைத் தடுக்காது. ரேட்டில் ஐந்நூறு குறைக்கச் சொல்லிப் பேரம் பேசும் நாம் யாரும் அந்தக் கர்ச்சீப்பைப் பற்றிக் கேட்பதில்லை.

அடிக்கும்போது அவர் மணிக்கட்டு வளையவே இல்லை. கதவிலிருந்து ஒரு சாண் தள்ளி, தோளிலிருந்து மொத்தக் கையும் நகர்கிறது. ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சில் பாதியை மூடுகிறது. ஓரத்தைத் தாண்டிய பிறகே விசையை விடுகிறார். நின்றால் வழியும், ஓடினால் சொரசொரப்பாகும். மெட்டாலிக் சில்வர் என்றால் இன்னும் பாடு: உள்ளிருக்கும் அலுமினியத் துகள் படுக்கும் விதத்தைப் பொறுத்து, ஒரே டப்பா பெயிண்டே பக்கத்துக் கதவோடு சேராமல் போகும். என் கார் வெள்ளை. "தப்பிச்சீங்க" என்றார். வெள்ளையிலும் பல வெள்ளை உண்டு. பெட்ரோல் டேங்க் மூடியைக் கழற்றி ஜே.சி. ரோடு கடைக்குக் கொண்டுபோனால் அதைப் பார்த்துக் கலந்து தருவார்கள்.

நிறத்தையே மாற்றலாமே என்ற சபலம் வராமலில்லை. ஆர்.சி.யில் பதிவான நிறத்தை மாற்ற ஆர்.டி.ஓ. வாசல் ஏற வேண்டும். ராணுவத்தின் ஆலிவ் பச்சையோ மற்றவர்களுக்கு அறவே கிடையாது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆவது விதி அது. வெள்ளையே இருக்கட்டும்.

ஹார்டனர் வேண்டாத பழைய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டை வீட்டில் அடித்தால் என்ன என்று கேட்டேன். 1920-களில் அமெரிக்காவில் இந்த வகை லாக்கர் வந்த பிறகுதான் வாரக்கணக்கில் காய்ந்த கார் பெயிண்ட் மணிக்கணக்கில் காயத் தொடங்கியது. மேஸ்திரி வானத்தைக் காட்டினார். ஆடி மாதத்துப் பெங்களூர்: தூறலும் ஈரக்காற்றும். தின்னர் ஆவியாகும்போது தகட்டைக் குளிரவைக்கிறது, காற்றின் ஈரம் அதில் படிகிறது, பெயிண்ட் மங்கி வெளிறிப்போகிறது. வெயில் வரும்வரை பொறுக்கணும் என்றார். அதோடு மாடிவீட்டுக்காரர் தின்னர் நெடியைப் பொறுப்பாரா என்பது வேறு கேள்வி.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். பட்டி, தேய்ப்பு, மாஸ்கிங் டேப் ஒட்டுவது வரை வீட்டில் என் பாடு; பிரைமரும் கலரும் கொட்டகையில், அவர் கையால். கரி வடிகட்டி வைத்த மாஸ்க் இரண்டு வாங்கிவருகிறேன், உங்களுக்கும் ஒன்று என்றேன்.

"மூச்சு முட்டும் சார்" என்றார்.