வடக்கு வீட்டுக் கிருஷ்ணர்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகள் துண்டு துண்டாக விலைக்குக் கிடக்கின்றன. எனாமல் தூக்குச்சட்டி, நிலைக்கதவு, தேக்குத் தூண், ரவிவர்மா அச்சுப்படம். சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும் தஞ்சாவூர்ப் படங்களும் உண்டு. சாமி அறையில் தலைமுறை தலைமுறையாகக் கற்பூரப் புகை பட்டுக் கறுத்தவை.

அவை தெருவுக்கு வந்த கதை பர்மாவில் தொடங்குகிறது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில், செட்டிநாட்டார் அங்கே கொடுத்த கடன் பணமாகத் திரும்பாமல் வயலாக வந்து சேர்ந்தது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்ததும் உயிர் தப்பினால் போதுமென்று ஓடிவந்தார்கள். விடுதலை பெற்ற பர்மா நிலங்களை அரசுடைமையாக்கியபோது அந்த வயல்களும் போயின. இங்கே மிஞ்சியவை அரண்மனை போன்ற வீடுகளும் அவற்றில் பங்கு உள்ள பங்காளிகளும்தான். வீட்டை விற்க எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும். உள்ளே இருந்த பொருளை விற்க அது தேவைப்படவில்லை.

நான் பார்க்கப்போன பெரியவர், ஊர்க்காரர்கள் விற்ற படங்களைக் கடைத்தெருவில் தேடித்தேடித் திரும்ப வாங்கியவர். எண்பதைத் தாண்டிவிட்டார். மனைவி காலமாகிவிட்டார். பிள்ளைகள் வெளிநாட்டில். பங்காளிகள் கல்யாணத்துக்கும் படைப்புக்கும் வந்து கூடுவார்கள். மற்ற நாட்களில் அத்தனை கட்டு வீட்டில் அவரும் சமையலுக்கு வரும் அம்மாவும் மட்டுமே. என்னை அங்கே அழைத்துப்போனவர் தஞ்சாவூரில் பலகைப் படம் எழுதும் ஓவியர். புதுக்கோட்டை வழியாகப் பேருந்து பிடித்து, பழைய படங்களைச் செப்பனிட வருபவர்.

பட்டாலையில் பாய் விரித்து, அதன்மேல் வெள்ளை வேட்டியை நான்காக மடித்துப் போட்டு, வெண்ணெய்க் கிருஷ்ணர் படம் ஒன்றை மல்லாத்தியிருந்தார்கள். கண்ணாடியும் சட்டமும் தனியே கழற்றி வைக்கப்பட்டிருந்தன. தஞ்சாவூர்ப் படங்களில் கிருஷ்ணர் பெரும்பாலும் வெள்ளை நிறம். கொழுகொழுவென்ற கை, கையில் வெண்ணெய் உருண்டை. இந்தக் கிருஷ்ணரின் இடது தோள்வளையில் தங்கம் லேசாக உப்பியிருந்தது. ஓவியர் நகக்கண்ணால் மெல்லத் தட்டினார். 'டொப்' என்று உள்ளீடற்ற சத்தம் வந்தது.

“உள்ள விட்டுப்போச்சுங்கய்யா.”

“நான்தான் போன்லயே சொன்னேனே தம்பி” என்றார் பெரியவர். குரலில் ஒரு நிறைவு இருந்தது.

ஏன் விட்டுப்போகிறது? பழைய படத்துக்கு அடிப்படை பலா மரப் பலகை. அதன்மேல் துணி ஒட்டி, சுக்கான் பொடியைப் பசையில் குழைத்துப் பூச்சு மேல் பூச்சாகப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்ப்பார்கள். கோடு எழுதி, கல் பதித்து, நகை வரும் இடங்களை மக்கு வைத்து எழுப்பி, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டுவார்கள். வண்ணம் கடைசியில். புளியங்கொட்டைப் பசைதான் பழைய வேலையின் பிடிமானம். மரம் மழைக்காலத்தில் ஊதும், கோடையில் சுருங்கும். சுக்கான் பூச்சுக்கு அந்த நெளிவு கிடையாது. நூறு மழைக்காலம் கண்ட பலகையில் எங்காவது ஓரிடத்தில் இரண்டும் பிரிந்தே தீரும்.

ஓவியர் ஊசிபோடும் சிரிஞ்சில் நீர்க்கப் பசை எடுத்தார். மக்கில் முன்பே இருந்த வெடிப்புக்குள் ஊசிமுனையை நுழைத்து, ஒரு சொட்டு விட்டுக் காத்திருந்தார். மறுபடி ஒரு சொட்டு. பிறகு மெல்லிய காகிதம் வைத்து, மணல் நிரப்பிய சிறு துணிப்பையை மேலே ஏற்றினார். அழுக்கெடுக்க உலர்ந்த மென்தூரிகைதான். பழைய வண்ணம் கோந்தில் குழைத்தது. ஈரத்துணி பட்டால் அழுக்கோடு கிருஷ்ணரின் முகமும் துணிக்கு வந்துவிடும். துடைத்தே அழிந்த முகங்களைக் கடைத்தெருவில் பார்த்திருக்கிறேன்.

இவர்கள் பழக்கம் சண்டையில் ஆரம்பித்ததாம். முதல் தடவை வந்தபோது, உதிர்ந்த இடமெல்லாம் புது ரேக்கு ஒட்டிப் பளபளவென்று ஆக்கித் தருவதாக ஓவியர் சொல்லியிருக்கிறார். சந்தையில் அதுதான் வழக்கம். பெரியவர் மறுத்துவிட்டார். இருப்பது உதிராமல் நின்றால் போதும், இல்லாத இடம் இல்லாததாகவே இருக்கட்டும் என்றாராம். “எனக்கு வேலை தெரியாதுன்னு நெனச்சுட்டாரோன்னு கோவம் வந்துச்சு” என்றார் ஓவியர். “அப்புறம் பூதக்கண்ணாடி வச்சு அந்தப் பழைய கோட்டைப் பாத்தேன். புருவம் ஒரே இழுப்பு சார். தூரிகைய எங்கயும் எடுக்கல. அதுமேல என் கை படக்கூடாதுன்னு அப்பத்தான் தோணுச்சு.”

தஞ்சையில் அவர் பிழைப்பு வேறு மாதிரி. பிளைவுட் பலகை, கடையில் வாங்கும் வண்ணம், அன்பளிப்புக்குப் போகும் பிள்ளையாரும் லட்சுமியும். புவிசார் குறியீடு கிடைத்த கலைதான். ஆனாலும் மலிவு ரேக்கு ஒட்டிய படங்களோடு விலையில் அவர் தினமும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. வாங்குகிறவர் படத்தின் அளவைக் கேட்கிறார், தங்கம் அசலா என்று கேட்கிறார். புருவத்தை யாரும் கேட்பதில்லை. இந்த வீட்டில் ஒரு மனிதர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சிரிஞ்சின் இரண்டு சொட்டுக்கு நடுவே எவ்வளவு நேரம் விடவேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார். ஒரு கைவினைஞருக்கு இது கூலியைவிடக் குறைந்த விஷயமில்லை என்று நினைக்கிறேன்.

பெரியவருக்கும் ஓவியரைவிட்டால் ஆளில்லை. ஒவ்வொரு படத்தையும் அது இருந்த வீட்டின் பெயரால்தான் அழைக்கிறார். இது வடக்கு வீட்டுக் கிருஷ்ணர். அது ஊருணிக்கரை வீட்டுப் பட்டாபிஷேகம். அந்த வீட்டு ஆச்சி வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குப் பணியாரம் கொடுப்பாராம். அந்த வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது. வடக்கு வீட்டை இடித்துவிட்டார்கள்; தூணும் கல்லும் லாரியில் போய்விட்டன. விலைமதிப்பு கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் இதையெல்லாம் கேட்கப் பொறுமையில்லாதவர்கள். ஓவியர் குனிந்த தலை நிமிராமல் உம் கொட்டிக் கேட்கிறார். பெரியவர் வீட்டை மாற்றிச் சொன்னால் திருத்துகிறார்.

சில சமயம் பெரியவர் பதறிக் கூப்பிட்டு இவர் ஓடிவந்து பார்த்தால் படத்தில் ஒரு குறையும் இருக்காதாம். அன்றைக்கும் சட்டத்தைக் கழற்றித் தூசி தட்டிவிட்டு, மதியம் சாப்பிட்டுவிட்டுப் போவார். அப்படி ஒரு நாள் கூலி வேண்டாம் என்றிருக்கிறார். பெரியவருக்கு வந்ததே கோபம். “கூலி வாங்காமப் போனா அடுத்த தடவை நான் எந்த முகத்தோட உங்களக் கூப்புடுறது?” அதன்பின் ஓவியர் மறுத்ததில்லை.

படங்கள் நாளை எங்கே போகும் என்று கேட்டேன். பிள்ளைகளுக்கு இதில் பிடிப்பில்லை என்றார் பெரியவர், வருத்தமாகச் சொல்லவில்லை. ஓவியர் தன் பையிலிருந்து ஒரு நீளக் கணக்குநோட்டை எடுத்துக் காட்டினார். கழற்றிய ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கம்: பலகையின் கனம், துணி எத்தனை மடிப்பு, மக்கு எவ்வளவு உயரம், எந்த இடத்தில் வெடிப்பு. அடியில் பெரியவரின் நடுங்கும் கையெழுத்தில் வீட்டின் பெயர், கொடுத்த விலை, விற்றவர் என்ன முறை. வாங்குகிறவர் யாராக இருந்தாலும் படத்தோடு இந்தப் பக்கத்தின் நகலும் போகவேண்டும் என்பது இருவரும் பேசி முடிவுசெய்தது. இன்னும் பாதிப் படங்கள் எழுதப்படவில்லை.

மணல்பையை எடுத்துவிட்டு ஓவியர் மறுபடி தட்டினார். இப்போது கட்டியான சத்தம். பெரியவர் தானும் ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

“பெரிய பட்டாபிஷேகத்த எப்ப இறக்குறது?”

“இந்த ஈரத்துல வேணாங்கய்யா. தை பொறக்கட்டும். ரெண்டு ஆள் வேணும், கனம் சாஸ்தி.”

“ஆளுக்குச் சொல்லி வைக்கிறேன். நீங்க தேதியச் சொல்லிட்டுப் போங்க” என்று நாட்காட்டியை எடுக்க எழுந்தார்.