பாதி சேலைன் போத்தல்

3 நவம்பர் 2025, திங்கள்

விடியப்புறம் பிடித்த மழை பின்னேரமாகியும் விடவில்லை. கிளினிக் ஜன்னலில் எப்போதும் தெரிகிற உட்துறைமுகம் இன்று வெறும் புகார். ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் குடை பிடித்து வந்தவர்கள் நாலே பேர். கடைசியாக வந்தவர் தம்பலகாமத்து ஐயா ஒருவர். கீழ்க்கடைவாய்ப் பல் சூத்தை. ஈறு வீங்கிச் சீழ் கட்டியிருந்தது.

“புடுங்கி விட்டிருங்கோ பிள்ளை. நாளைக்கு வயலுக்கு இறங்கோணும்.”

பெரும்போக நேரம். அவருடைய அவசரம் எனக்கு விளங்காததல்ல. சீனி வருத்தம் இருக்கோ என்று கேட்டேன். இருந்தது, குளிசையை விட்டு ஆறு மாதம் என்றார். விரலில் குத்திப் பார்த்தால் 342. இந்தச் சீனியோடு பல்லைப் பிடுங்கினால் புண் ஆறத் தாமதமாகும், கிருமி தாடைக்குள் இறங்கவும் கூடும். சீழை மட்டும் வடியவிட்டு, சேலைனால் கழுவி, குளிசை எழுதி, ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தேன். பல் அப்படியே இருக்கிறதே என்று அவருக்குக் கோபம். வேறு இடத்தில் பிடுங்கிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது கவனித்தேன்: செருப்பில்லாத காலில் பெருவிரலோரம் வெடித்து, வெடிப்புக்குள் வயல் சேறு.

4 நவம்பர், செவ்வாய்

கருவித் தட்டை எடுக்கப் போன இடத்தில் கண்டேன். அலுமாரியின் கீழ்த்தட்டில் பாதி சேலைன் போத்தல். கழுத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி, வாயில் பஞ்சு செருகியிருந்தது. கிளினிக்கில் உதவிக்கு நிற்கிற பிள்ளையைக் கூப்பிட்டேன்.

“தங்கச்சி, இது எப்ப வெட்டினது?”

“வெள்ளிக்கிழமை, டொக்டர். நல்ல சேலைன்தானே, ஏன் ஊத்துவான் எண்டு வைச்சனான்.”

“நேற்று ஐயாவுக்குக் கழுவினது?”

“இதுதான்.”

நாற்காலியில் இருந்துவிட்டேன். அவளைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. 2022இல் மருந்தும் பெற்றோலும் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற நாட்களில், விறைக்கிற ஊசிக்கே நான் அலைந்த நேரத்தில், ஒரு சொட்டையும் வீணாக்காதே என்று அவளுக்குப் படிப்பித்தவள் நான். நெருக்கடி தணிந்த பிறகு அந்தப் பாடத்தை நான் திருப்பி எடுக்கவில்லை.

அந்தப் பஞ்சைப் பார்த்ததும் வாணியம்பாடி நினைவுக்கு வந்தது. தமிழ்நாட்டில் திருப்பத்தூர் மாவட்டத்து ஊர். 2023இல் அங்கே ஒரே பல் கிளினிக்கில் வைத்தியம் பார்த்தவர்கள் காய்ச்சலும் தலையிடியும் முகவாதமுமாக விழுந்தார்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் இறந்துபோனார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் மற்றவர்களும் துருவி ஆராய்ந்து கண்டுபிடித்ததை இந்த ஆண்டு லான்செட் குழும இதழொன்றில் வெளியிட்டார்கள். சேலைன் போத்தலை ஈறு நெம்புகிற கருவியால் திறந்திருக்கிறார்கள். பஞ்சால் அடைத்து வைத்து அடுத்தவருக்கும் எடுத்திருக்கிறார்கள். போத்தலுக்குள் மெலியோய்டோசிஸ் கிருமி. வாய்ப்புண்ணில் புகுந்து நரம்பு வழியே மூளைக்கு ஏறியிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

அந்தக் கிருமி எங்களுக்கு அயலான் அல்ல. வயல் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. மாரியில் கூடும்; கமக்காரரையும் சீனி வருத்தக்காரரையும் தேடிப் பிடிக்கும். இலங்கையில் முதல் நோயாளியைப் பற்றி 1927இலேயே எழுதியிருக்கிறார்கள். தாய்லாந்தில் ஓர் ஆய்வுகூடத்தில் வெறும் காய்ச்சி வடித்த நீரில் விட்டுவைத்த கிருமி 16 ஆண்டுக்குப் பிறகும் உயிரோடிருந்தது. வெள்ளி முதல் திங்கள் வரை அதற்கு ஒரு காலமா?

வாணியம்பாடியில் நடந்தது இங்கே நடந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அது நடக்கத் தேவையான எல்லாவற்றையும் நான் அலுமாரியில் அடுக்கி வைத்திருந்தேன் என்பதுதான் என் நெஞ்சை இடிக்கிறது.

5 நவம்பர், போயா

கிளினிக் பூட்டு. தங்கச்சியை வரச்சொல்லி இருவருமாக எல்லாத் தட்டுகளையும் இறக்கினோம். சுவரில் ஒட்ட ஒரு தாள் எழுதினோம்: நோயாளி கண்முன் திறப்பது, திறந்த நேரத்தைப் போத்தலில் எழுதுவது, அவர் எழும்பியதும் மிச்சத்தைக் கொட்டுவது. இனிச் சின்னப் போத்தல்தான் வாங்குவது. செலவு கூடும். ஓட்டோ கூலிக்கே யோசித்து ஏறி வருகிறவர்களிடம் கட்டணத்தைக் கூட்ட மனமில்லை. என் பங்கில் குறைத்துப் பார்க்கிறேன்.

பின்னேரம் ஐயாவின் மகளுக்குப் போன் எடுத்தேன். காய்ச்சல் இல்லை, ஆஸ்பத்திரியில் குளிசை தொடங்கியாயிற்று என்றாள். போத்தலைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். போனில் சொல்கிற விஷயமல்ல என்று எனக்கே ஒரு சாட்டுச் சொல்லி வைத்துவிட்டேன். இரவு முழுக்க அதுதான் உறுத்தியது.

10 நவம்பர், திங்கள்

ஐயா திரும்பி வந்தார். வீக்கம் வற்றியிருந்தது. சீனி 176.

கதிரையில் சாய்க்க முதல் எதிரே இருந்து சொன்னேன். போன கிழமை உங்களைக் கழுவின சேலைன் புதிதில்லை, மூன்று நாள் முன்னம் வெட்டின போத்தல், என் கவனக்குறைவு. அந்தக் கிருமி ஏறியிருந்தால் பெரும்பாலும் 21 நாளுக்குள் காட்டும். காய்ச்சலோ தலையிடியோ வந்தால் என்ன நேரமென்றாலும் எனக்குச் சொல்ல வேண்டும், ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போவேன். இதைச் சொன்னால் முறைப்பாடு வரலாம், கிளினிக்கின் பேர் கெடலாம் என்று தெரியும். சொல்லாமல் அந்த வாய்க்குள் இன்னொரு தரம் கைவைக்க என்னால் முடியாது.

அவர் கனநேரம் பேசவில்லை. மழைத்தண்ணீர் பீலியில் ஓடுகிற சத்தம் மட்டும்.

“இப்ப என்ன போத்தல்?”

மூடி உடையாத சின்னப் போத்தலை அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். திகதியை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

“சரி. எனக்கு முன்னால உடையுங்கோ.”

உடைத்தேன். வாயைத் திறந்தார்.

பல் லேசாகவே வந்தது. கொப்பியில் அவர் பெயருக்கு நேரே எழுதினேன்: 24ஆம் திகதி வரை, நாள்தோறும் போன்.