திரைக்கு இப்பால் நிற்பவன்: கட்டியக்காரனின் கேலியும் பொறுப்பும்

தெருக்கூத்தில் மற்ற வேடங்கள் வந்து போக, இரவு முழுவதும் களத்தை விட்டு அகலாமல் நிற்கும் வேடம் கட்டியக்காரனுடையது. அரசனின் விருதுப் பெயர்களையும் வெற்றிகளையும் உரக்கச் சொல்லி அவன் வரவை அறிவிக்கும் புகழுரைக்குக் கட்டியம் என்று பெயர். அதைக் கூறுபவன் நூல் வழக்கில் கட்டியங்காரன், கூத்தாடும் வட்டாரங்களின் பேச்சில் கட்டியக்காரன். குறவஞ்சி நாடகங்களிலும் பாட்டுடைத் தலைவன் உலா வருவதை அறிவிக்க முதலில் வருபவன் இவனே. திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம், வேலூர் முதலான வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாக்களின்போது இரவு தொடங்கி விடியும் வரை நடக்கும் கூத்தில், அரசனைப் புகழ்வதற்கென்று நிறுத்தப்பட்டவனே அரசனைக் கேலி செய்பவனாகவும் இருக்கிறான். ஒரே வாயில் புகழும் வசையும் எப்படி அடங்குகின்றன என்பதும், அந்த வாய்க்கு அளவு வகுப்பது யார் என்பதும் இந்த வேடத்தைக் கட்டுபவர் ஒவ்வொரு இரவும் எதிர்கொள்ளும் தொழிற்கேள்விகள்.

அவன் செய்யும் வேலைகளை வரிசைப்படுத்தினாலே வேடத்தின் தன்மை விளங்கும். கடவுள் வணக்கம் முடிந்ததும் களத்திற்கு வந்து அன்றைய கதை இன்னதென்று சபைக்கு அறிவிப்பதும், வரும் பாத்திரங்களை ஊர் பேர் கேட்டு அறிமுகப்படுத்துவதும், வாயிற்காவலன், தூதன், வேலைக்காரன், வேடன் எனக் கதைக்கு வேண்டிய சில்லறை வேடங்களையெல்லாம் அதே உடையில் ஏற்பதும், பின்பாட்டுக்காரர்களோடு சேர்ந்து அடியெடுத்துக் கொடுப்பதும் அவன் பொறுப்பு. அரச வேடக்காரர்கள் மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகள் பதித்த கிரீடம், மார்புப் பதக்கம், புஜகீர்த்தி ஆகியவற்றை, அதாவது 'கட்டை' எனப்படும் அணிகளை, உடம்போடு இறுக்கிக் கட்டிக்கொள்ள நெடுநேரம் பிடிக்கும். கட்டைக்கூத்து என்ற பெயருக்கும் அதுவே காரணம். ஒருவர் ஒப்பனை முடிய நேரமானால் அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவன் கட்டை கட்டாத இவன். ஆகவே எல்லாக் கதைகளும், எல்லாப் பாட்டுகளும், அடுத்த வேடக்காரரின் வசனமும் தெரிந்த அனுபவசாலியிடமே பல ஜமாக்கள், அதாவது கூத்துக் குழுக்கள், இவ்வேடத்தை ஒப்படைக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விளையாட்டுப் பிள்ளையாகத் தெரிபவன் உண்மையில் அந்த இரவின் மேலாளன்.

அவனுடைய கோணல் பேச்சு எப்படி இயங்குகிறது என்பதற்குத் திரைப் பிரவேசம் நல்ல சான்று. இரண்டு பேர் ஒரு துணியை இழுத்துப் பிடிக்க, அதற்கு அப்பால் துரியோதனன் முகம் காட்டாமல் சலங்கை அதிர மிதித்து, தன் பெருமையை விருத்தமாகப் பாடுகிறான். முகவீணையும் மிருதங்கமும் அவன் குரலைத் தாங்கி உயர்த்துகின்றன. துணிக்கு இப்பால் கட்டியக்காரன் கோலை ஊன்றிக்கொண்டு, வந்திருப்பது யார் என்று கேட்கிறான். அஸ்தினாபுரத்து அரசன் என்று பதில் வருகிறது. குரோம்பேட்டையில் இறங்கிப் போக வேண்டிய அஸ்தினாபுரமா என்று இவன் திருப்பிக் கேட்கிறான். ஐம்பத்தாறு தேசத்து அரசர்களும் தனக்குக் கப்பம் கட்டுவதாக அரசன் முழங்கினால், கட்டியவர்களுக்கு ரசீது கொடுத்தாயிற்றா என்கிறான். சிரிப்பு அடங்குவதற்குள் தாளம் மாறுகிறது, திரை விலகுகிறது, அரசன் கிறுகிறுவென்று சுழன்று களம் முழுவதையும் தனதாக்கிக்கொள்கிறான்.

இந்தச் சிறு பகுதிக்குள் தொழில் நுணுக்கம் நிறைய இருக்கிறது. குறுக்குக் கேள்வி விருத்தத்தின் நடுவில் விழுந்தால் பாடுபவரின் மூச்சு உடையும். அடி முடிந்து தாளக்காரர் அடுத்த எடுப்புக்குக் கை தூக்கும் இடைவெளியில்தான் அது விழ வேண்டும். கேள்வியால் அரசனின் பெருமை சற்றுச் சரிய வேண்டுமே தவிர உடைந்துவிடக் கூடாது. உடைந்துவிட்டால் பின்னிரவில் அவன் வீழ்ச்சிக்கு எடை இராது. பாரதத்தின் காலத்தையும் புறநகர்ப் பேருந்தின் காலத்தையும் ஒரு சொல்லால் முடிச்சுப் போடும்போது, களத்தைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் அரசனைத் தங்களுக்குத் தெரிந்த அதிகாரிகளுள் ஒருவனாகப் பார்க்கத் தொடங்குகிறார்கள். ரசீது கேட்பது வெறும் வேடிக்கைக் கேள்வியாகவே சொல்லப்பட்டாலும், ரசீது கிடைக்காமல் பணம் கட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு அது வேடிக்கையோடு முடிவதில்லை.

தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கைச் சொல்கிறது. கட்டியக்காரனின் கருவிகளும் ஏறத்தாழ இவையே: பிள்ளைத்தனமாகக் கேட்பது இளமை, அஸ்தினாபுரம் எதுவென்று அறியாதவன்போல் நிற்பது பேதைமை, இட்ட கட்டளையைச் சொல்லுக்குச் சொல் பிடித்துக்கொண்டு குழப்புவது மடன். இம்மூன்றிலும் சிரிப்புக்கு ஆளாகிறவன் அவனேதான். எள்ளல் மட்டுமே பிறர்மேல் பாய்வது. அதற்கும் உரையாசிரியரான பேராசிரியர் தம் உரையில், பிறரை எள்ளி நகுதல், பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல் என இரு பக்கம் காட்டுகிறார். தேர்ந்த கட்டியக்காரர் முன்னிரவில் தன் வறுமையையும், தன் வீட்டில் தனக்குள்ள மதிப்பையும், தான் வாங்கும் கூலியையும் கேலிக்குக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அரசனிடமும் ஊரிடமும் போகிறார் என்பதைக் காண்போர் எளிதில் கவனிக்கலாம். தன்னை முதலில் தாழ்த்திக்கொள்வது பணிவு போலத் தெரிந்தாலும், மேலே இருப்பவனைத் தொடுவதற்குச் சபையிடம் அவர் செலுத்தும் முன்பணம் அது.

அப்படித் தொடுவதற்கான அனுமதி சபை கொடுப்பது. சபை திரும்பப் பெறக்கூடியதும் கூட. ஊர் வந்து சேர்ந்த ஜமாவில் மற்றவர்கள் அரிதாரம் பூசுவதற்கு முன் சற்றுக் கண்ணயர, கட்டியக்காரர் தேநீர்க் கடைப் பலகையில் உட்கார்ந்து ஊர்ப் பேச்சைக் கேட்பதற்குக் காரணம் இதுதான். ஏரி மதகு யார் பொறுப்பில் இருக்கிறது, நியாயவிலைக் கடை எத்தனை நாளாகப் பூட்டிக் கிடக்கிறது, எந்த இரு தெருக்களுக்கிடையே பேச்சுவார்த்தை இல்லை, அண்மையில் யார் வீட்டில் சாவு விழுந்தது என்பனவெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். கேட்டவற்றுள் பாதி சொல்வதற்கு; மறுபாதி, தவறியும் சொல்லாமல் இருப்பதற்கு. பூட்டிய கடையைப் பற்றிக் கேலி பேசினால் ஊர் ஒன்றாகச் சிரிக்கும். இரு தெருச் சண்டையைப் பற்றி வாய் தவறிச் சொன்ன ஒரு சொல் களத்தை இரண்டாக்கிவிடும். அதன் பின் பதினெட்டாம் போர் களத்தில் நடக்கத் தேவையிராது.

கோணல் பேச்சின் பொறுப்பு மிகக் கூர்மையாகச் சோதிக்கப்படும் இடம் அது நிற்க வேண்டிய இடம். துகிலுரிதல் கூத்தில், திரௌபதியை இழுத்து வரும் கட்டத்திற்கு முன்வரை துச்சாதனனோடு வாயாடிக்கொண்டிருந்த கட்டியக்காரன், அவள் சபைக்கு வந்த பிறகு வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். அங்கே பெண் வேடம் கட்டியிருப்பவர் ஆண் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும், அந்நேரத்தில் கூட்டத்தின் கண்ணுக்கு அம்மனே தெரிகிறாள். துச்சாதனன் வேடக்காரர் கை வைப்பதற்கு முன் வணங்கி மன்னிப்பு வேண்டுவதும், ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றுவதும், பார்ப்பவர்களுள் சிலர்க்கு அருள் வருவதும் பல ஊர்களில் உண்டு. அப்போது ஒரு சிரிப்பு எழுந்தால் அது துச்சாதனன் பக்கம் சேர்ந்த சிரிப்பாகிவிடும். இதனால் கட்டியக்காரன் கோலைத் தாழ்த்திக்கொண்டு ஓரமாக நிற்கிறான். இரவெல்லாம் பேசியவன் பேசாமல் நிற்பதைக் கண்டுதான், நடப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று கூட்டத்திலிருக்கும் குழந்தைக்கும் புரிகிறது. முன்பு பேசியதற்கெல்லாம் சேர்த்து இந்த மௌனம் பொருள் தருகிறது.

இதைவிடக் கடினமான களம், இறந்தவரின் காரியத்தையொட்டி ஆடப்படும் கர்ண மோட்சம். வட மாவட்டங்களில் பல குடும்பங்கள் இதைக் கடமையாகவே நடத்துகின்றன. இழவு வீட்டார் முன்வரிசையில் இருக்க, கட்டியக்காரன் நகைக்க வைக்காமல் இருந்துவிட முடியாது, ஏனெனில் அழுது களைத்தவர்களை விடியும் வரை உட்கார வைப்பதும் அவன் வேலைதான். ஆனால் சிரிப்பு பின்வரிசையில் தொடங்கி மெல்ல முன்னே வர வேண்டும், முன்வரிசையை நேராகப் போய்த் தொடக் கூடாது. இறந்தவர் குடியால் இறந்திருந்தால் அன்று தள்ளாட்ட நடை கிடையாது. கடன் தொல்லையால் இறந்திருந்தால் வட்டிக்காரன் வேடிக்கை கிடையாது. கூட்டத்தைச் சிரிக்க வைக்க உறுதியாகப் பயன்படும் என்று தெரிந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லாமல் விடுவதை வாத்தியார்கள் பாடமாகச் சொல்லித் தருவதில்லை. சொன்னபின் முன்வரிசையின் முகம் மாறியதைக் கண்டவர் மட்டுமே கற்கிறார்.

சமூகப் பொறுப்பு என்றதும் கலைஞர் மேடையில் நல்லுபதேசம் செய்ய வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. விழிப்புணர்வுப் பிரசாரங்களுக்காகக் கட்டியக்காரனைக் கடனாகப் பெற்று, கையில் ஒரு வாசகத்தைக் கொடுத்து அனுப்பும்போது, அவன் கோலும் தொப்பியும் வந்து சேர்கின்றன, அவன் வருவதில்லை. காரணம், எல்லாவற்றையும் கேள்வி கேட்பவனிடம் கேள்வி கேட்கக் கூடாத ஒன்றைக் கொடுத்துவிடுகிறார்கள். கருத்தும் சிரிப்பும் ஒரே நூலில் கோக்கப்படலாம் என்பதற்குக் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் (1908–1957) தக்க சான்று. வில்லுப்பாட்டிலும் நாடகக் கம்பெனியிலும் பழகித் திரைக்கு வந்த அவர், 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் நந்தனார் சரித்திரக் காலட்சேபத்தின் மெட்டையும் நடையையும் அப்படியே எடுத்துக்கொண்டு, தாழ்த்தப்பட்ட சிறுவன் ஒருவன் கல்வியால் உயர்வதைக் 'கிந்தனார்' காலட்சேபமாக நடத்தினார். படி என்று அதில் யாருக்கும் உபதேசம் செய்ய வேண்டியிருக்கவில்லை. பழைய கதையில் நந்தனார் தீயில் இறங்கிக் கடந்த இடத்தைப் புதிய கதையில் பள்ளிக்கூடம் நிரப்புவதைக் கேட்பவர் தாமே ஒப்பிட்டுச் சிரிக்க, சிரித்த பிறகு அந்த ஒப்பீடு மனத்தில் தங்கிவிடுகிறது.

வெளியிலிருந்து வரும் கட்டுப்பாடு கேலிக்கான அளவை வகுக்க முடியாது என்பதையும் தமிழக நாடக வரலாறு காட்டியிருக்கிறது. எம்.ஆர். ராதாவின் இராமாயண நாடகம் எழுப்பிய சர்ச்சையின் பின்னணியில் 1954இல் கொண்டுவரப்பட்ட நாடக நிகழ்ச்சிச் சட்டம், நாடகப் பிரதியை முன்கூட்டியே அதிகாரிகள் கேட்டுப் பார்க்கவும் ஆட்டத்தைத் தடுக்கவும் வழி செய்தது; 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அது அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. கட்டியக்காரனிடம் பிரதி கேட்டால் அவன் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. அவனுடைய பிரதி, மாலையில் தேநீர்க் கடையில் கேட்டதும் இரவில் முன்வரிசை முகங்களில் கண்டதும் சேர்ந்து அந்தந்த ஊரில் உருவாவது.

இதனால் மரபு முழுவதும் பழுதற்றது என்று சொல்லிவிட முடியாது. கூட்டம் சோர்ந்த இரண்டு மணிக்குத் திக்குவாயையும் ஊனத்தையும் நடித்துக் காட்டிச் சிரிப்பு வாங்குவதும், பெண் வேடக்காரரை இரட்டை அர்த்தத்தில் சீண்டுவதும், கீழ்ச்சாதியாகக் கருதப்படுபவர்களின் பேச்சை இழிவாகப் போலி செய்வதும் களத்தில் நடந்திருக்கின்றன, இன்னும் நடக்கின்றன. அரசனைக் கேட்கும் துணிவு இல்லாத இரவில்தான் இந்தக் கேலி எளியவர்மீது இறங்குகிறது என்பது தொழிலில் உள்ளவர்கள் தம்மிடமே ஒப்புக்கொள்ள வேண்டிய செய்தி. சிரிப்பு இரண்டிலும் ஒரே ஓசையில்தான் எழுகிறது. ஆகவே ஓசையை வைத்து அளந்தால் வேறுபாடு தெரியாது.

இன்று கூடுதலாக ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. களத்தைச் சுற்றி உயர்ந்திருக்கும் கைபேசிகள் எட்டு மணி நேரக் கூத்திலிருந்து அரை நிமிடத்தை வெட்டி எடுத்துச் செல்கின்றன. தன்னைத் தாழ்த்திக்கொண்ட முன்னிரவும், வாய் மூடி நின்ற பின்னிரவும் அந்த வெட்டில் இல்லை; நடுவிலிருந்த ஒரு வசை மட்டுமே, அந்த ஊரின் பூட்டிய கடையை அறியாதவர்களிடம் போய்ச் சேர்கிறது. அங்கே சிரிப்பவரும் சினப்பவரும் அவன் முகத்தை நேரில் காண வேண்டியதில்லை. அவனும் அவர்கள் முகத்தைக் காண்பதில்லை.

கூத்து முடிந்த காலையின் ஒழுங்கு வேறு. துரியோதனன் படுகளத்தில் வீழ்ந்து, வெயில் ஏறி, கட்டைகள் அவிழ்க்கப்பட்டுப் பெட்டிக்குள் போன பிறகு, காதோரம் அரிதாரம் கலையாமல் ஒட்டியிருக்கும் முகத்தோடு கட்டியக்காரர் பேருந்துக்கு முன் அதே தேநீர்க் கடைக்கு வருகிறார். பூட்டிய கடைக்காக இரவில் கேலி செய்யப்பட்ட நியாயவிலைக் கடைக்காரரும் அங்கே நிற்கக்கூடும். அவர் சற்று நகர்ந்து பலகையில் இடம் விட்டால், அடுத்த ஆண்டும் இந்த ஊரில் ஆட வெற்றிலை பாக்கு வாங்கலாம்.