முப்பத்திரண்டு பக்கம்

எட்டுத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் முப்பத்திரண்டு பக்கம் கிடைக்கும். பென்சிலால் ஓரத்தில் எண் போட்டுவிட்டுப் பிரித்துப் பார்த்தால், வெளித்தாளில் 1, 2, 31, 32 ஆகிய நான்கும் இருக்கும். உள்தாளில் மட்டும் 16ம் 17ம் வெட்டில்லாமல் அருகருகே வரும். பின் அடிப்பதும் அங்கேதான். எங்கள் வகுப்பு இதழின் வேலை ஒவ்வொரு முறையும் இந்த டம்மியில்தான் தொடங்குகிறது. படைப்புகள் வரட்டும், பிறகு பக்கம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் வந்ததெல்லாம் உள்ளே போய்விடும். இடம் இவ்வளவுதான் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் எதை எடுப்பது, எதை விடுவது என்று பிள்ளைகள் வாதாடத் தொடங்குகிறார்கள். அந்த வாதத்துக்காகவே இந்த இதழை நடத்துகிறேன்.

பவானியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் இவர்கள். அந்தியூர், அம்மாபேட்டை, சித்தோடு, ஆற்றுக்கு அக்கரையில் குமாரபாளையம். பாதிப் பேர் வீட்டில் தறி உண்டு, அல்லது வீட்டில் ஒருவராவது தறிக்குப் போகிறவர். மற்றவர்களுக்கு மஞ்சள் காடு, மாடு, கடை, கூலி. தமிழ் இலக்கியம் படிக்க வந்தவர்களில் விரும்பி வந்தவர்கள் கொஞ்சம், வேறு இடம் கிடைக்காமல் வந்தவர்கள் நிறைய. இந்த இரண்டாம் வகையினரிடமிருந்துதான் எனக்கு நல்ல எழுத்து அதிகம் கிடைத்திருக்கிறது. கவிதை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற தீர்மானம் அவர்களிடம் இல்லை.

பதிப்பாசிரியர் வேலையைக் கற்பிக்க எனக்கு உதவுவது சங்க இலக்கியம். அகநானூற்றைப் பாடத்தில் வைத்துவிட்டு, அதைத் தொகுத்தவரைப் பற்றி இரண்டு வரியில் கடந்துவிடுகிறோம். மதுரை உப்பூரிகுடிகிழார் மகனார் உருத்திரசன்மர் நானூறு பாடல்களை எப்படி அடுக்கியிருக்கிறார் என்று பாருங்கள். ஒற்றைப்படை எண்கள் முழுவதும் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிபவை குறிஞ்சி, நான்கில் முடிபவை முல்லை, ஆறில் முடிபவை மருதம், பத்துப் பத்தாக வருபவை நெய்தல். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரே நிலம் தொடர்ந்து அலுப்புத் தட்டாது. நீளத்திலும் அந்தக் காலத்துத் தொகுப்பாளர்கள் கணக்காக இருந்தார்கள். நாலு முதல் எட்டு அடி வரை உள்ளவை குறுந்தொகைக்கு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நற்றிணைக்கு, பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரை அகநானூற்றுக்கு. அபூர்வமாகத்தான் அளவு மீறியிருக்கிறது. இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். “அப்பவேயுங்களா ஐயா?” என்று கேட்பார்கள். ஆமாம், அப்போதே. ஆள் தெரியாத பாடலுக்கு அந்தப் பாடலில் உள்ள தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றும் ஓரேருழவனார் என்றும் வைத்தார்களே, அதைவிட அழகாக ஒரு பதிப்பாசிரியர் என்ன செய்துவிட முடியும்?

இந்த வழக்கத்தை நாங்களும் எடுத்துக்கொண்டோம். பெயர் போட விரும்பாதவர்களின் படைப்புக்கு, அதில் உள்ள ஒரு தொடரையே பெயராக வைக்கிறோம். பெயரை மறைக்க அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. வீட்டுக் கடன், அப்பாவின் குடி, தெருவில் நடந்த ஒரு சாதிப் பேச்சு ஆகியவற்றை எழுதுகிற பெண், இதழ் தன் ஊருக்கும் போகும் என்று தெரிந்தே எழுதுகிறாள். பெருமாள்முருகன் நாமக்கல்லில் அரசு கல்லூரி ஆசிரியராக இருந்த காலத்தில், தம் மாணவர்களையும் ‘கூடு’ ஆய்வுச் சந்திப்புக்கு வந்தவர்களையும் எழுதவைத்துத் தொகுத்த ‘சாதியும் நானும்’ 2013இல் வந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் சொந்த அனுபவத்தை எழுதிய அந்தப் புத்தகத்தை ஒவ்வோர் ஆண்டும் மேசைமேல் வைக்கிறேன். பவானியிலிருந்து நாமக்கல் தொலைவில்லை. இந்த மண்ணில், இந்த வயதுப் பிள்ளைகளை வைத்து, இது முடிந்திருக்கிறது என்று காட்ட அது போதும்.

இனி திருத்தும் வேலை. ஒருவர் எழுதியதை வேறோர் ஊர்க்காரர்தான் திருத்த வேண்டும் என்பது எங்கள் விதி. ஜமக்காளம் பற்றி ஒரு மாணவி எழுதினாள். முதல் படியில் நெசவுக் கலையின் தொன்மை, 2005-06இல் கிடைத்த புவிசார் குறியீடு, விசைத்தறியில் ஓடும் மலிவுச் சரக்கால் வந்த நலிவு, அரசு கவனிக்க வேண்டும் என்ற முடிவு என எல்லாம் சரியாக இருந்தது. அதில் ஒரு வரிகூட அவள் வீட்டிலிருந்து வரவில்லை. திருத்தக் கிடைத்தவன் அந்தியூர்ப் பக்கத்துப் பையன், தறியைக் கிட்டத்தில் பார்த்திராதவன். அவன் கட்டுரையைக் குறை சொல்லவில்லை. கேள்விகளை மட்டும் பென்சிலில் எழுதினான். குழித்தறி என்றால் குழி எதற்கு? கால் எங்கே இருக்கும்? அகலமான ஜமக்காளத்துக்கு இரண்டு பேர் உட்காருவார்கள் என்றாயே, அவர்கள் பேசிக்கொள்வார்களா?

கடைசிக் கேள்விக்கு அவள் வாயால் சொன்ன பதில்தான் இரண்டாம் படியின் முதல் பத்தி ஆயிற்று. அம்மாவும் சின்னம்மாவும் ஒரே தறியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்கிறார்கள். ஒரு பாகப்பிரிவினைச் சண்டைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. ஆனால் நாடா இவர் கையிலிருந்து அவர் கைக்குப் போயாக வேண்டும். ஊடை அறுந்தால் யாராவது ஒருவர் குரல் கொடுத்தாக வேண்டும். அம்மா “அறுந்துபோச்சு” என்று பாவைப் பார்த்துச் சொல்வாராம், சின்னம்மா முடி போடுவாராம். மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறும்போது இரண்டு பேர் காலுக்கும் சேர்த்து ஒரே சாக்கை விரிப்பது பாட்டியின் வேலை. “இதையெல்லாமுங்களா ஐயா எழுதறது?” என்று அவள் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அந்தப் பையன், “இதத்தா எழுதோணும்” என்றான்.

புவிசார் குறியீட்டை அவள் விடவில்லை, ஒரு வரியில் வைத்துக்கொண்டாள். அரசுக்கு வைத்த கோரிக்கையை அவளே எடுத்துவிட்டாள். கட்டுரை 16, 17ஆம் பக்கங்களுக்குப் போயிற்று. நல்ல கேள்வி கேட்கத் தெரிந்த அந்தப் பையன் அடுத்த பருவத்தில் எழுதியது அதுவரை அவன் எழுதிய எதைப்போலவும் இல்லை. எழுத்தைத் திருத்துகிறவன் கற்றுக்கொள்வதை நான் கரும்பலகை முன் எத்தனை மணி நேரம் நின்றாலும் கற்பிக்க முடியாது.

பேச்சுத் தமிழ் பற்றிய தகராறு ஒவ்வோர் இதழிலும் வரும். சிறுகதையில் ஓர் அம்மிச்சி பேரனைப் பார்த்து “நீ எங்கே செல்கிறாய்?” என்று கேட்பார். வகுப்பே சிரிக்கும். “எங்க சாமி கெளம்பீட்ட?” என்று மாற்றச் சொன்னால் எழுதியவர் தயங்குவார். தேர்வுத்தாளில் மதிப்பெண் குறையும் மொழி, அச்சில் மட்டும் எப்படிச் சரியாகும் என்ற அச்சம் அது. அப்போது ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942லேயே வந்ததைச் சொல்வேன். கொங்குப் பேச்சு நாவலுக்குள் வந்து எண்பது ஆண்டுக்கு மேலாகிறது. எங்கள் ஏற்பாடு எளிது: உரையாடல் பேசுகிறபடி இருக்கட்டும், கதைசொல்லியின் மொழியை எழுதுபவர் தேர்ந்தெடுக்கட்டும், தேர்ந்த பிறகு நடுவில் மாற வேண்டாம். ‘ங்க’ எங்கே விழுகிறது என்பதில் மட்டும் நான் கண்டிப்பானவன். மாமனாரிடம் மருமகள் பேசும்போது அது விடுபட்டால் அந்தக் குடும்பமே வேறு குடும்பம் ஆகிவிடும்.

மெய்ப்பு பார்ப்பது இரண்டிரண்டு பேராக. ஒருவர் மூலத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் அச்சுப்படியை நிறுத்தி நிறுத்தி வாய்விட்டுப் படிக்க வேண்டும், ஒற்று, புள்ளி உட்பட. பிள்ளைகள் செல்போனில் யூனிகோடில் தட்டி அனுப்புவதை அச்சகத்தார் தம் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது, கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலுமாகச் சில எழுத்துகள் பிரிந்து நிற்கும். அதைக் கண் தாண்டிப் போய்விடும், வாய் தடுக்கி நிற்கும். ர, ற குழப்பத்துக்கும் ல, ள, ழ குழப்பத்துக்கும் இதுவே மருந்து என்று சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்து நாக்குக்கு ழகரம் கொஞ்சம் பாடுதான். அதற்கு அகராதி வேண்டும். மேசையில் ஒன்று எப்போதும் இருக்கிறது.

திருப்பி அனுப்புவதற்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். எடுக்காத ஒவ்வொரு படைப்புக்கும் காரணத்தை எழுதி, அந்த ஆண்டு ஆசிரியர் குழு கையெழுத்துப் போட வேண்டும். ‘நன்றாக இல்லை’ என்று எழுதக் கூடாது. எந்த வரி, ஏன் என்று இருக்க வேண்டும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒரு நண்பனின் கவிதையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருப்பது கடினம். அந்தக் கடினத்தை நான் குறைத்துக் கொடுப்பதில்லை. என் கையெழுத்து அந்த நோட்டில் எங்கும் இருக்காது.

விலை பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. 1971இல் கோவையிலிருந்து வந்த ‘வானம்பாடி’ விலையிலாக் கவிமடலாக வந்தது. அந்த இயக்கத்தில் சிற்பி உள்பட கல்லூரித் தமிழாசிரியர்கள் இருந்தார்கள், அந்தக் கொடை மனத்தை மதிக்கிறேன். ஆனால் மாணவர் இதழுக்கு நான் 1959இல் ‘எழுத்து’ தொடங்கிய சி.சு. செல்லப்பாவின் பக்கம். புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர் அவர். இலவசமாகக் கொடுத்தால் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள். ஒரு டீக்காசு கேட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். பவானி பேருந்து நிலையத்தில் ஈரோடு பஸ்ஸுக்கு நிற்பவரிடம் தான் எழுதிய கதையைத் தானே விற்கும் பிள்ளைக்கு, தலைப்பு ஏன் முக்கியம், முதல் வரி ஏன் முக்கியம் என்று அன்றைக்கே விளங்கிவிடும். விளம்பரம் வாங்குவதில்லை. அட்டையின் பின்பக்கம் காலியாகவே போகும்.

இந்த முறை டம்மி மடித்தாகிவிட்டது. பவானி கூடுதுறையில் படித்துறைகளை ஒட்டிப் பூ, தேங்காய், எள் விற்கிறவர்களைப் பற்றி மூன்று பேர் தனித்தனியாக எழுதுகிறார்கள், ஆடிப்பெருக்குக் கூட்டம் தொடங்குமுன் முதல் படி வர வேண்டும். நடுத்தாள் இன்னும் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை.