விரைந்தோட விரும்பும் பிள்ளைகளுக்கு

இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும்போதுதான், பிள்ளைகளுக்குக் கால்கள் உண்டென்ற நினைவே நம் பாடசாலைகளிற் பலருக்கு வருகிறது. அதன்பின் நாள்தோறும் ஓட்டம். ஓட்டத்தின் மேல் ஓட்டம். போட்டி நாளன்று 100 மீற்றரின் நடுவிலே ஒரு மாணவன் பின்தொடையைப் பிடித்தபடி நிலத்தில் அமர்வதையும், இருவர் அவனைத் தோளிலே தாங்கிச் செல்வதையும் ஆண்டுதோறும் கண்டு வருகிறோம். தசை கிழிந்த அப்பிள்ளைக்கு அவ்வாண்டின் வலயப் போட்டியும் இல்லையென்றாகிறது.

நாம் கற்பிப்பது பௌதிகவியல், விளையாட்டாசிரியர் அல்லோம். எனினும், நிறுத்தற் கடிகாரத்தைக் கையிலே தந்து இறுதிக் கோட்டருகே எம்மை நிறுத்திவிடுவது எமது கல்லூரியின் வழக்கம். அங்கு நின்று பார்த்துப் பார்த்தே இவ்விடயத்தில் எமக்கு ஆர்வம் பிறந்தது. 2022 ஆம் ஆண்டில் நம் நாட்டு யுபுன் அபேகோன் 100 மீற்றரை 9.96 செக்கனில் ஓடிய பின்னர், “சேர், காலை எப்பிடிக் கெதியாய் வீசுறது?” என்று எம்மிடம் கேட்கும் பிள்ளைகளும் பெருகினர்.

கேள்வியே சற்றுப் பிழையானது. 2000 ஆம் ஆண்டில் பீற்றர் வேயன்ட் என்பாரும் அவர்தம் துணைவரும் வெளியிட்ட ஆய்வு, தத்தம் உச்ச வேகத்தில் ஓடும்போது காலை முன்னோக்கி வீச எடுக்கும் நேரம், விரைந்தோடுவோர்க்கும் மெல்ல ஓடுவோர்க்கும் பெரிதும் வேறுபடுவதில்லை என்று காட்டிற்று. விரைந்தோடுவோர் நிலத்தைக் கூடிய விசையுடன் உதைக்கின்றனர். வேறுபாடு அங்கேதான் உள்ளது. வகுப்பிலே நாம் ஓயாது சொல்லும் நியூற்றனின் மூன்றாம் விதியன்றோ இது! நிலத்தை நாம் எவ்வளவு தள்ளுகிறோமோ, அவ்வளவே நிலமும் எம்மைத் தள்ளும். விரைவோட்டத்திற் பாதம் நிலத்திலே படிந்திருப்பது ஏறத்தாழ ஒரு செக்கனின் பத்திலொரு பங்கு. அச்சிறு பொழுதில், உடல் நிறையின் இருமடங்கை எட்டும் விசையை ஒற்றைக் கால் தாங்க வேண்டும். அவ்வலு ஓடுவதனால் மட்டும் முழுமையாக வந்துவிடாது.

ஆகவே, கிழமைக்கு இரு நாள், இடையில் இரண்டொரு நாள் ஓய்வு விட்டு, வலுப்பயிற்சி செய்தல் வேண்டும். இயந்திரங்கள் நிறைந்த உடற்பயிற்சிக்கூடம் தேவையில்லை. முதற் பயிற்சியை நம்மவர் நெடுங்காலமாக அறிவர். பிள்ளையார் சந்நிதியில் நாம் இடும் தோப்புக்கரணமே அது. (அதனை வகுப்பறையிலே தண்டனையாக்கிய எம் ஆசிரியர் குலம், நல்லதொரு பயிற்சியின் மேற் பிள்ளைகளுக்கு வெறுப்பை ஊட்டிவிட்டது.) பாதங்களைத் தோளகலத்திற்கு வைத்து, குதிக்கால் எழாமலும் முதுகு கூனாமலும், தொடை நிலத்துக்குச் சமாந்தரமாகும்வரை தாழ்ந்து எழுக. பத்துப் பத்தாக மூன்று முறை போதும். அது எளிதானபின், அரிசிப் பையொன்றில் 5 கிலோ மணலிட்டுக் கட்டி மார்போடு அணைத்துக்கொள்க. பன்னிரண்டு தடவை சிரமமின்றி எழ முடிந்தால் மேலும் 2 கிலோ சேர்க்கலாம். மூச்சுத் திணறி முகம் கோணும்வரை செய்வது வீரமன்று. இன்னும் இரண்டு தடவை முடியும் என்ற நிலையில் நிறுத்துக.

விறாந்தைப் படியிலே ஒற்றைக் காலால் ஏறி இறங்குதலும், குதிக்காலை உயர்த்தித் தாழ்த்துதலும் அடுத்தவை. மற்றொன்று சற்றுக் கடினம். முழந்தாளிட்டு நிற்பவனின் கணுக்கால்களை ஒருவன் அழுத்திப் பிடிக்க, அவன் இடுப்பை மடக்காது மெல்ல மெல்ல முன்னே சாய்ந்து, தாங்க முடியாதவிடத்துக் கைகளை ஊன்ற வேண்டும். உதைபந்தாட்ட வீரரிடையே நிகழ்ந்த ஆய்வுகளில், இப்பயிற்சி பின்தொடைக் காயங்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்திருக்கிறது. தொடக்கத்தில் ஐந்து தடவைக்கு மேல் வேண்டாம், மறுநாள் நோகும்.

இவை யாவும் ஓட்டத்துக்கு மாற்றல்ல. ஓடும் நாளில் முதலில் ஓட்டம், களைத்தபின் பாரம். போட்டிக்கு முந்திய வாரத்திலே பாரத்தைப் பாதியாக்குக.

பாரந் தூக்கினால் வளர்த்தி குன்றும் என்ற பேச்சு இன்னும் நம் ஊர்களில் உண்டு. மேற்பார்வையுடன் முறையாகச் செய்யும் பயிற்சி அவ்வாறு செய்யும் என்பதற்குச் சான்று இல்லை. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் கிழமைக்கு மூன்று நாளேனும் தசைகளை வலுப்படுத்தும் செயல்களில் ஈடுபட வேண்டும் என 2020 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனமே கூறிற்று. முதற் சில வாரங்களிற் கூடும் வலுவும் பெரும்பாலும் தசை பருப்பதால் வருவதன்று. நரம்புகள் தசையை நன்கு ஏவப் பழகுவதால் வருவது.

சென்ற ஆண்டிலே பத்தாந் தர மாணவி ஒருத்தியின் தாயார் எம்மைத் தம் வீட்டுக்கு அழைத்தார்.

“ஓடட்டும் சேர், நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. பொம்பிளைப் பிள்ளை மூட்டை தூக்கிறதே? நாளைக்குச் சனம் என்ன சொல்லும்?”

அவர் அப்பொழுதுதான் கிணற்றடியிலிருந்து வந்திருந்தார். நாளொன்றுக்கு எத்தனை வாளி தண்ணீர் அள்ளுகிறீர்கள் என்று வினவினோம். “முப்பது, நாப்பது இருக்கும்” என்றவர், தம் கைகளைத் தாமே பார்த்துச் சிரித்துவிட்டார். வேலிக்கு உட்புறமாக, வளவிலேயே செய்யலாம் என்று முடிவாயிற்று. கணுக்காலைப் பிடிக்கும் பொறுப்பைத் தாயாரே ஏற்றார்.

ஒரு தவணை கழிந்தபின் எமது கடிகாரத்தில் அம்மாணவியின் 100 மீற்றர், 15.3 செக்கனிலிருந்து 14.6 ஆகியிருந்தது. அஃது அவளை வலயப் போட்டிக்குக் கொண்டுசென்றது. அங்கு நான்காவதாக வந்தாள். செய்தி சொல்லச் சென்ற எம்மிடம், தமது முழங்கால் நோவுக்கும் இவற்றுள் ஏதும் உதவுமோ என்று தாயார் தணிந்த குரலிற் கேட்டார். முதலில் வைத்தியரிடம் காட்டிவிட்டு, அவர் இசைந்தாற் கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்தமர்வதிலே தொடங்குமாறு கூறினோம். எண்ணுவதற்கு மகள் இருக்கிறாள்.