அக்கா மகனின் ரைஃபிள்

போன பொங்கலுக்கு அக்கா மகன் பிரிஸ்பேனிலிருந்து வந்திருந்தான். காணும் பொங்கலன்று சித்தன்னவாசலில் கால் வைக்க இடம் இருக்காது. அதனால் மறுநாள் காலையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் மலையேறினோம். ஏழடிப்பட்டத்துக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகும்போது மெதுவாக ஆரம்பித்தான்.

“மாமா, ஒரு ரைஃபிள் சொல்லிச் செய்யப் போறேன். ஆயிரம் கெஜம் சுடுறதுக்கு. தோட்டா எது, ஆக்‌ஷன் எதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

நான் பட்டாளத்தில் ஆயுத மெக்கானிக்காக இருந்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதுக்கோட்டையில் துப்பாக்கி சுடும் போட்டி என்றாலே எல்லோரும் பிருத்விராஜ் தொண்டைமானைச் சொல்வார்கள். 2023 ஆசிய விளையாட்டில் குழுத் தங்கம், 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக். ஆனால் அது ஷாட்கன், பறக்கும் தட்டைச் சிதறடிப்பது. இவன் கேட்டது வேறு. தரையில் குப்புறப் படுத்து, 914 மீட்டர் தள்ளி நிற்கிற அட்டையில் சுடுவது. இங்கே இருக்கிற நம் பிள்ளைகளுக்கு அது எளிதில் வாய்க்காது. இராணுவத் தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே .303-க்குத் தடை போட்டார்கள். அதனால்தான் பண்ணை வீடுகளில் .315 ரைஃபிளைப் பார்க்கிறோம். அவன் இருக்கிற ஊரில் கிளப்பில் சேர்ந்து, லைசென்ஸ் வாங்கி, பெல்மான்ட் மைதானத்தில் முறையாகச் சுடலாம்.

சமணத் துறவிகளின் கல் படுக்கைகள் பதினேழையும் பார்த்துவிட்டு ஒரு நிழலில் உட்கார்ந்தோம். (எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர்கள் படுத்த இடத்தில் உட்கார்ந்து தோட்டா பேசினோம். அவர்கள் மன்னிப்பார்களாக.) செல்போனில் ஒரு பட்டியல் வைத்திருந்தான். அவன் மனசு முழுக்க 6.5 கிரீட்மோர் மேல் இருந்தது. 2007-ல் வந்த தோட்டா, இப்போது எல்லோர் வாயிலும் அதுதான்.

“எந்தப் போட்டியில சுடப்போறே மாப்ளே?” என்று கேட்டேன்.

“எஃப்-டி.ஆர்.”

“அப்பப் பாதி வேலை முடிஞ்சுது. அதுல .308, இல்லேன்னா .223, ரெண்டே ரெண்டுதான். உன் 6.5-ஐ எடுத்துக்கிட்டு ஓப்பன் பிரிவுக்குத்தான் போகணும்.”

அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. காற்றுக் கணக்கை எடுத்தான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்குக் காற்று அடித்தால், ஆயிரம் கெஜத்தில் .308-இன் 155 கிரெய்ன் குண்டு ஏறக்குறைய எட்டு அடி தள்ளிப்போகும். நீண்டு ஒல்லியான 6.5 குண்டு ஆறடிக்குள் நிற்கும். ஆனால் கிட்டத்தட்ட அதே அளவு மருந்து இன்னும் சின்னத் துளை வழியே எரிந்து போவதால் குழலின் தொண்டை சீக்கிரம் தேயும். .308 குழல் ஐயாயிரம் ரவுண்டு தாங்கும் என்றால் அது பாதிதான் தாங்கும். கற்றுக்கொள்கிறவனுக்கு நிறையச் சுட வேண்டும். காற்றைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதும் எட்டடி தள்ளிப்போகிற குண்டுதான். .308 என்று முடிவானது.

ஆக்‌ஷன்தான் எனக்குப் பெரிய விஷயம். தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டி, வெடிக்கும்போது பின்னால் வராமல் பிடித்துக்கொள்கிற கூடும் போல்ட்டும்தான் அது. நான் வேலை பழகியது இஷாப்பூர் 2ஏ1 ரைஃபிளில். 1962 சண்டைக்குப் பிறகு, பழைய லீ-என்ஃபீல்டு உடம்பை நல்ல இரும்பில் செய்து 7.62 தோட்டாவுக்கு மாற்றிய துப்பாக்கி. லீ-என்ஃபீல்டில் பூட்டுக் காதுகள் போல்ட்டின் பின்பக்கம் இருக்கும். சுடும்போது உடம்பே கொஞ்சம் நெளியும். அதிலும் ஒரு விசித்திரம் உண்டு. வேகம் குறைந்த குண்டு சற்றுத் தாமதமாக, குழல் வாய் மேலே துள்ளும் நேரத்தில் வெளியேறுவதால், தூரத்தில் குண்டுகள் ஒன்றாகச் சேரும். இங்கிலாந்தின் பிஸ்லி மைதானத்தில் ஆயிரம் கெஜத்துக்கு அந்தப் பழைய துப்பாக்கியைத் தேடிப் பிடித்த பெரியவர்கள் உண்டு. ஆனால் புதிதாகச் செய்கிறவன் முன்பக்கக் காது உள்ளதைத்தான் எடுக்க வேண்டும். நியூசிலாந்துக்காரர்களின் பர்னார்டைச் சொன்னேன். மூன்று காதுகள், தடித்த உருண்டை உடம்பு. ஒவ்வொரு தோட்டாவாகப் போடுகிற வகை போதும். மேகஸினுக்கு என்று அடியில் வெட்டாத உடம்பு விறைப்பாக நிற்கும்.

“அப்புறம் ரெண்டு கேஜ் வாங்கிக்க” என்றேன்.

“அதெல்லாம் துப்பாக்கி செய்யறவர் பார்த்துக்குவார் மாமா.”

அப்போதுதான், ஐம்பது வருஷமாக யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னேன்.

1974 என்று நினைவு. மறுநாள் காலையில் சுடும் பயிற்சி. முந்தின நாள் சாயங்காலம் வரிசையாக ரைஃபிள்களைச் சோதித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கேஜ் உண்டு. ஒன்றைப் போட்டால் போல்ட் மூட வேண்டும், மற்றொன்றைப் போட்டால் மூடக் கூடாது. மூடினால் போல்ட் தலைக்கும் தோட்டாவுக்கும் இடையில் இடம் கூடிப்போயிற்று, சுடக் கூடாது என்று அர்த்தம். ஒரு ரைஃபிளில் மூடக் கூடாத கேஜ் லேசாக மூடியது. கொஞ்சம் அழுத்தினேனோ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கண்டாரக்கோட்டைக்காரன் ஒருவன் டீக்குக் கூப்பிட்டான். அந்த ரைஃபிளையும் சரியானவற்றோடு அடுக்கிவிட்டுப் போய்விட்டேன்.

காலையில் நாலாவது ரவுண்டில் தோட்டாவின் பித்தளை அடியோடு வெட்டியதுபோல் பிரிந்து, வாயு பின்பக்கமாக வந்தது. சுட்டவன் என்னைவிட இளையவன். கண் பிழைத்துவிட்டது. புருவம் கருகிப் பத்து நாள் கட்டோடு கிடந்தான். தோட்டா சரியில்லை என்று எழுதினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக அந்த போல்ட் தலையை மாற்றினேன். ஆஸ்பத்திரியில் அவனைப் பார்க்கப் போனபோது ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போனேன். அவன் எனக்கு நன்றி சொன்னான்.

அக்கா மகன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

வடகிழக்கே நார்த்தாமலைக் குன்றுகள் இருக்கிற திசையைக் கைகாட்டினேன். 2021 டிசம்பர் 30 அன்று அங்கே நடந்தது நம் ஊர்க்காரர் யாருக்கும் மறக்காது. சுடும் தளத்தில் பயிற்சி நடந்த நாள். ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பிள்ளையின் தலையில் குண்டு பாய்ந்தது. நாலு நாளில் பிள்ளை போய்விட்டது. அதற்குப் பிறகு .308 என்று யாராவது சொன்னால் எனக்கு அட்டை ஞாபகம் வருவதில்லை. அந்தத் தோட்டா மூன்று கிலோமீட்டருக்கு மேலும் போகக்கூடியது. ஆயிரம் கெஜத்தில் குழல் ஒரே ஒரு டிகிரி தூக்கிவிட்டால் குண்டு இலக்குக்கு 16 மீட்டர் மேலே போய்விடும். பின்னால் இருக்கிற மண்மேடு எத்தனை உயரம்?

அதனால் விசையைப் பற்றியும் சொன்னேன். தொட்டால் விழுகிற விசை வேண்டாம். இலக்கை நோக்கிக் குழலைக் கிடத்திய பிறகுதான் போல்ட்டை மூட வேண்டும், அதற்கு முன் தோட்டா அறைக்குள் போகக் கூடாது. “இது எல்லா கிளப்புலயும் சொல்றதுதானே மாமா” என்றான். ஆமாம், எங்களுக்கும் சொல்லியிருந்தார்கள்.

கீழே இறங்கி இளநீர் குடித்தோம். அறிவர் கோயில் ஓவியத்துத் தாமரைக் குளத்தைப் பார்க்காமல் போகக் கூடாது என்று திரும்ப இழுத்துக்கொண்டு போனான். மீனையும் அன்னத்தையும் ரொம்ப நேரம் நின்று பார்த்தான்.

சித்திரை பிறந்த அன்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பர்னார்டு ஆக்‌ஷன், குழல் இன்னும் மாட்டவில்லை. பக்கத்தில் பச்சைத் துணியின்மேல் சின்னதாக இரண்டு எஃகுத் துண்டுகள். அடியில் எழுதியிருந்தான்: “ரெண்டு கேஜும் வாங்கியாச்சு மாமா. மூடக் கூடாதது எதுன்னு சிவப்புப் பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கேன்.”