கீரை ஆயும் கை

முதுகலை ஓவியப் படிப்புக்கு இருபது படங்கள் கேட்டிருந்தார்கள். பி.எஃப்.ஏ. கட்டாயமில்லை, படங்களைப் பார்த்துத்தான் முடிவெடுப்போம் என்று போட்டிருந்த கல்லூரி. என்னிடம் இருந்தது ஒரு இன்ஜினியரிங் பட்டம், பதினோரு வருஷ ஐடி வேலை, மீட்டிங்குகளில் நோட்டின் ஓரத்தில் கிறுக்கிய முகங்கள். மீதியை ராத்திரிகளில் வரைந்தேன்.

வேலையை விடுவதற்கு அம்மாவிடம் கே.ஜி. சுப்ரமணியனைத்தான் சாட்சிக்கு இழுத்தேன். மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர், வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர், 1944-ல் சாந்திநிகேதனில் ஓவியம் படிக்கச் சேர்ந்தார்.

"அப்ப அவருக்கு என்ன வயசு?"

"இருபது."

"உனக்கு?"

முப்பத்தி நாலு. வீட்டுக் கடன் வேறு பாக்கி.

நேர்காணலில் அந்தப் பேராசிரியர் படங்களை மளமளவென்று புரட்டினார். "எல்லாம் கரெக்டா இருக்கு" என்றார். கோட் எழுதுகிறவனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அவர் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரமானது. அம்மா கீரை ஆயும் கையை வரைந்த கரிக்கோடு ஒன்றில் மட்டும் நின்றார். "இது எவ்வளவு நேரம் போட்டீங்க?"

"பத்து நிமிஷம் சார். கீரை தீர்ந்துடுச்சு."

சிரித்தார். முடிவு தெரிய ஒரு மாசம் ஆகுமாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"கட்டைவிரல்ல தழும்பு இருக்குமே, அத விட்டுட்டியேடா."